எல்லையோர மறைப்புச் செடிகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீடு கட்டி முடித்து, காம்பவுண்டு சுவரும் எழுப்பியபின்தான் பக்கத்து வீட்டு ஜன்னல் நம் துணி துவைக்கும் கல்லை நேராகப் பார்க்கிறது என்று பலருக்கும் தெரிகிறது. உடனே நர்சரிக்குப் போய், "சீக்கிரமா வளர்ற செடி எது?" என்று கேட்கிறார்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இந்தக் கேள்விதான் காரணம். சீக்கிரம் வளர்கிற செடி நமக்கு வேண்டிய உயரத்தோடு நின்றுவிடாது. நம் மனையில் எவ்வளவு வெயில், எவ்வளவு அகலம், என்ன தண்ணீர் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், கொஞ்சம் மெதுவாக வளரும் செடிகூட நல்ல மறைப்பாக வந்து நிற்கும்.

தமிழ்நாட்டு ஊர்களில் அடிக்கடி பார்க்கும் அறிகுறிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வேலியில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். புதிதாக நடப்போகிறவர்கள் மட்டும் முதல் மூன்றையும் முழுதாகப் படித்துவிட்டு நடுங்கள்.

மேலே குடை மாதிரி இலை, கீழே வெறும் தண்டு

அதிகம் வரும் புகார் இது. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ எல்லாவற்றிலும் வரும். ஆறடி உயரத்தில் செடி பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் நாம் உட்காரும் உயரத்தில், அதாவது மூன்று நான்கு அடியில், எல்லாம் திறந்து கிடக்கும்.

முதலில் வெயிலைப் பாருங்கள். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் செடியின் அடிப்பகுதியில் வெயில் விழுகிறதா? இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் நடுவே ஐந்தடிச் சந்தில் உச்சி வெயில் மட்டும்தான் இறங்கும். செம்பருத்தியும் காகிதப்பூவும் அங்கே வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடி, கீழ் இலைகளை உதிர்த்துவிடும். எந்த உரம் போட்டாலும் இது மாறாது, செடியைத்தான் மாற்ற வேண்டும். அந்த மாதிரி இடத்துக்கு ஆடாதொடை நன்றாக வரும். நர்சரிகளில் காமினி என்று கேட்டால் தருகிற வெள்ளைப்பூச் செடியும் அரை நிழலைத் தாங்கும். பத்தடிக்கு மேல் உயரம் வேண்டுமானால் அரேக்கா பனை வைக்கலாம். தூரிலிருந்து பல கிளைகளாக வருவதால் கீழேயும் அடைந்திருக்கும்.

வெயில் போதுமான அளவு விழுந்தும் அடி வெறுமையாக இருந்தால், காரணம் கவாத்து. சிறு செடியாக இருக்கும்போது வெட்ட யாருக்கும் மனசு வருவதில்லை. "ஆறடி வரட்டும், அப்புறம் வெட்டலாம்" என்று விடுகிறார்கள். நுனி இருக்கிறவரை பக்கக் கொப்புகள் அடங்கியே கிடக்கும், நுனி போனால்தான் அவை கிளம்பும். அதனால் நட்ட செடி வேர் பிடித்து ஒன்றரை அடி வந்ததும் ஓரடிக்கு வெட்டிவிட வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு அடி புதுவளர்ச்சிக்கும் பாதியை வெட்டுங்கள். முழு உயரத்துக்கு வர ஒரு வருஷம் கூடுதலாகலாம், ஆனால் தரையிலிருந்து அடர்த்தியாக வரும்.

வெட்டும் வடிவமும் முக்கியம். கவிழ்த்துவைத்த பக்கெட் மாதிரி அடி அகலமாகவும் மேல்பக்கம் ஒடுங்கியும் இருக்க வேண்டும். ஆறடி வேலிக்கு அடியில் மூன்றடி அகலம், மேலே இரண்டடி என்றால் சரியாக இருக்கும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினால் மேல்பகுதி சீக்கிரமே விரிந்து கீழே நிழல் போடும். கூலிக்கு வெட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் கைக்கு எட்டுகிற மேல்பகுதியை மட்டும் மட்டமாக வெட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நின்று சொல்லி வாங்க வேண்டிய வேலை இது.

ஏற்கெனவே வெறுமையாகிவிட்ட வேலியை மீட்க முடியுமா? செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, நொச்சி, அரளி ஆகியவை முற்றிய தண்டிலிருந்தும் துளிர்க்கும். தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டலாம். ஆடி, ஆவணியில் வெட்டினால் மழைக்கு முன் தளிர் வந்துவிடும். சித்திரை வெயிலில் வெட்ட வேண்டாம். முழு வேலியையும் ஒரே நாளில் வெட்டி மறைப்பை இழக்கத் தேவையில்லை. ஒன்று விட்டு ஒன்றாக இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி என்று வைத்துக்கொள்ளலாம். சவுக்கையும் துஜாவையும் மட்டும் இப்படி வெட்டிவிடாதீர்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து அவை திரும்பத் துளிர்க்காது.

வேலி நன்றாக இருக்கிறது, மாடி ஜன்னலிலிருந்து இன்னும் தெரிகிறது

செடியில் குறை எதுவும் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். பக்கத்து வீட்டு முதல் மாடியில் நிற்கிறவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 15 அடி உயரத்தில் இருக்கும். அந்த ஜன்னல் எல்லைக் கோட்டிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடம் எல்லையிலிருந்து இந்தப் பக்கம் 10 அடி. உட்கார்ந்தால் உங்கள் தலை 4 அடி உயரம். அந்தக் கண்ணிலிருந்து உங்கள் தலைக்கு ஒரு கயிறு கட்டினால், 15 அடி தூரத்தில் அது 11 அடி இறங்குகிறது. எல்லையில் அந்தக் கயிறு 11 அடிக்குச் சற்று மேலே போகும். அதாவது எல்லையில் நட்டால் பன்னிரண்டடி வேலி வேண்டும். அந்த உயரத்துக்கு ஏணி போட்டு வெட்டிப் பராமரிப்பது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை.

அதே கயிறு நீங்கள் உட்காரும் இடத்துக்கு மூன்றடி முன்னால் ஆறேகால் அடி உயரத்தில்தான் போகிறது. அங்கே ஏழடி உயரத்தில் இரண்டு மூன்று செடிகள் இருந்தால் போதும். மறைப்பு எல்லையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பார்வை எங்கே வந்து விழுகிறதோ அதன் அருகில் வைத்தால் உயரமும் குறையும், செடிகளின் எண்ணிக்கையும் குறையும்.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரை எல்லையோரம் ஒரு நீளக் கம்பில் துண்டு கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். துண்டு அந்த ஜன்னலை மறைக்கும்வரை உயர்த்தச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். பிறகு அவரை உங்களை நோக்கி ஓரடி ஓரடியாக நடந்து வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் தேவை என்று கண் முன்னாலேயே தெரிந்துவிடும். செடி வாங்கப் போகும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எல்லையிலேயே உயரமாக வேண்டும், அகலமும் இல்லை என்றால் நெட்டிலிங்கம் ஒரு வழி. கிளைகள் தொங்கிக்கொண்டு ஒல்லியாக உயரும் வகையைக் கேட்டு வாங்கி, மூன்றிலிருந்து நான்கடி இடைவெளியில் நட வேண்டும். அடிக்கிளைகளை "அசிங்கமாக இருக்கிறது" என்று வெட்டிவிட்டால் அந்த இடம் மறுபடி அடைவது கடினம்.

"ஜன்னலையே மூடச் சொல்ல முடியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு இதைத் தொடுகிறது. அயலார் வீட்டின் மறைவைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக்கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அந்த வழக்கம் உரிமையாகும் என்று அங்கே ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அப்படியொரு வழக்கம் அந்த ஊரில் இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டும். புது லேஅவுட்டில் அது எளிதில்லை. செடி நடுவதுதான் விரைவான தீர்வு.

நட்டு ஒரு வருஷம் ஆகிறது, நட்ட உயரத்திலேயே நிற்கிறது

வரிசையில் மிக மோசமாக இருக்கும் ஒரு செடியைத் துணிந்து பிடுங்கிப் பாருங்கள். அப்போது தெரிவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

வேர் உருண்டையாகச் சுருண்டு, நர்சரிப் பையின் வடிவத்திலேயே இருந்தால், பையில் அதிக காலம் இருந்த செடியை அப்படியே நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சில இடங்களில் பிளாஸ்டிக் பையே கிழிக்கப்படாமல் மண்ணுக்குள் இருப்பதையும் பார்க்கிறேன். மற்ற செடிகளையும் மண்ணோடு தூக்கி, சுருண்ட வேர்களைக் கத்தியால் மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் கீறிவிட்டு மறுபடி நடுங்கள். மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். மழை நாளாகப் பார்த்துச் செய்தால் செடி வாடாது.

வேர் சரியாக இருந்து, குழியில் உடைந்த செங்கல்லும் சிமென்ட் கட்டியும் ஜல்லியுமாக வந்தால், அது கட்டட வேலையின் மிச்சம். சுவருக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தைக் குப்பையால் மூடிவிட்டுப் போவது வழக்கம். அதன்மேல் ஒரு அடிக்குச் செம்மண் கொட்டி அழகாக்கியிருப்பார்கள். தனித்தனிக் குழியால் இது சரிவராது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி அகலத்துக்கும் ஆழத்துக்கும் நீளமாக ஒரே வாய்க்கால் வெட்டி, குப்பையை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். செலவு வரும். ஆனால் வேலிக்குச் செய்யும் செலவில் இதுதான் மிகவும் பலன் தரும். இதைத் தவிர்த்துவிட்டு விலை உயர்ந்த செடி வாங்குவதில் பொருளில்லை.

தண்ணீர் விடும் பழக்கத்தையும் பாருங்கள். தினமும் மாலையில் குழாயைப் பிடித்து மேலாக நனைத்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, அரையடி ஆழத்துக்குக் கீழும் ஈரம் போகிற அளவு நின்று தண்ணீர் விடுங்கள். தென்னை மட்டையோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் கோடையிலும் தாக்குப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை நம்பும் ஊர்களில் புரட்டாசி கடைசியில் நட்டுவிட்டால், முதல் மூன்று மாதத் தண்ணீர்க் கவலை பெரும்பாலும் குறையும்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இட்லிப்பூச் செடியில் இது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். இளம் இலைகளில் முதலில் வந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. சிமென்ட், சுண்ணாம்பு கலந்த மண்ணும் உப்பான போர் தண்ணீரும் சேர்ந்து அதைச் செடி எடுக்க முடியாமல் கட்டிப்போடுகின்றன. சுவரை ஒட்டிய செடிகள் மட்டும் மஞ்சளாக, இரண்டடி தள்ளி நிற்பவை நன்றாக இருந்தால் காரணம் உறுதி.

உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யலாம். அன்றன்றைக்குக் கரைத்து அன்றே தெளித்துவிட வேண்டும். வெள்ளைச் சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, கோணிப்பையால் மூடிக்கொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு, மேலே சொன்ன வாய்க்கால் வேலைதான். அது முடியாத இடத்தில் இட்லிப்பூவை விட்டுவிட்டு மருதாணிக்குப் போவதே நல்லது. சுமாரான மண்ணையும் வறட்சியையும் அது பொறுத்துக்கொள்ளும், ஓரடி இடைவெளியில் நட்டு வெட்டிக்கொண்டே வந்தால் நெருக்கமாக அடையும்.

தளிரில் வெள்ளைப் பஞ்சு, தண்டில் எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. செம்பருத்தி வேலி வைத்த எல்லாருக்கும் ஒருநாள் இது வரும். எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக வந்து, பூச்சியைத் தின்ன வருகிறவற்றை விரட்டுகிறது. அதனால் எறும்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அதிகம் பிடித்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வெட்டிய குப்பையை வேலி அடியிலேயே போட்டால் மறுபடி ஏறிவிடும். மீதியில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து, மறுநாள் மாலை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சேர்த்துத் தெளிக்கலாம். வாரம் ஒருமுறையாகச் சில வாரம் தொடர வேண்டும்.

கடுமையான பூச்சிமருந்தைத் தூக்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். பஞ்சு மாதிரியே வெள்ளையாக, ஆனால் பெரிதாக, வேகமாக ஊர்ந்து போகிற புழு தெரிந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் குஞ்சு. அதைக் கொன்றால் வேலியைக் காக்கிற ஆளையே கொன்றதாகும். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, காட்டாமணக்கு என்று பரவியபோது அதை அடக்கியது மருந்து இல்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான். பக்கத்தில் மரவள்ளியோ பப்பாளியோ பயிர் செய்கிறவர்கள் செம்பருத்தியையும் காட்டாமணக்கையும் மட்டுமே நீள வரிசையாக வைக்காமல், நடுநடுவே நொச்சியோ ஆடாதொடையோ கலந்து நடுவது பாதுகாப்பு.

நேற்று இருந்த இலை இன்று இல்லை

நந்தியாவட்டையிலும் அரளியிலும் இப்படி நடந்தால், செடிக்கடியில் கரும்புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி இருக்கும். அந்திப்பூச்சி வகையின் புழு அது. கையால் எடுத்துவிட்டாலே போதும். இலை திரும்ப வரும், மருந்து வேண்டாம்.

இலை விளிம்பு கருகுகிறது

கடலோர ஊர்களில் கருகல் எந்தப் பக்கம் என்பதை முதலில் கவனியுங்கள். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகினால் உப்புக் காற்று. எல்லாப் பக்கமும், முதிர்ந்த இலையிலிருந்து தொடங்கினால் உப்புத் தண்ணீர். காற்றுக்கு முன்வரிசையில் சங்கங்குப்பி அல்லது அரளி வைத்து, அதன் மறைவில் உங்களுக்குப் பிடித்த செடியை இரண்டாம் வரிசையாக நடலாம். சங்கங்குப்பி கடற்கரையிலேயே வளர்கிற செடி, வெட்டினால் நன்றாக அடையும். தண்ணீர்தான் காரணம் என்றால் போர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுச் செடியை முடிவு செய்யுங்கள். மழைத் தண்ணீரை வேலியோரமே இறங்கவிட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு ஓரளவு கழுவிப்போகும்.

வரிசை நடுவில் ஒன்று மட்டும் செத்து ஓட்டை விழுந்திருக்கிறது

அந்த இடத்தில் சின்னச் செடியை நட்டால் இரண்டு பக்கத்துப் பெரிய செடிகளும் அதன் தண்ணீரையும் வெயிலையும் எடுத்துக்கொள்ளும். பெரிய பையில் வளர்ந்த செடியாக வாங்குங்கள். நடும்முன் இரண்டு பக்கமும் கடப்பாரையால் ஓரடி ஆழத்துக்குப் பக்கத்து வேரை அறுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கிளைகளையும் ஒதுக்கி வெட்டுங்கள். செத்த செடியின் தூர் அழுகிக் கறுத்திருந்தால், தண்ணீர் தேங்கும் பள்ளம் அது. மண் போட்டு மேடாக்கிய பிறகே நட வேண்டும்.

சுவரில் விரிசல், குழாயில் வேர்

இதற்கு மருத்துவம் கிடையாது, செடியை எடுத்தாக வேண்டும். கானோகார்பஸ் என்ற செடி சில வருஷம் முன்புவரை "தண்ணியே வேண்டாம், ஆறு மாசத்துல சுவர் மாதிரி நிக்கும்" என்று சொல்லி விற்கப்பட்டது. அதன் வேர் தண்ணீர்க் குழாய்களையும் சாக்கடையையும் தேடிப் போகும், பூந்தூள் மூச்சுக்கு ஒவ்வாமை தரும். குஜராத் அரசு 2023-லும் தமிழ்நாடு அரசு 2025-லும் அதை நடத் தடை விதித்தன. ஏற்கெனவே அதை வைத்திருக்கிறவர்கள் வெட்டினால் மட்டும் போதாது, தூர் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். சுவரோரம் வைக்கும் ஆல், அத்தி இனத்து அழகுச் செடிகளும் தொட்டியில் இருக்கும்வரை சாது, மண்ணில் இறங்கினால் மரம்தான்.

மஞ்சள் மூங்கிலும் மூன்றடிச் சந்துக்கு ஆகாது. முப்பதடிக்கு மேல் போகும், புதரும் வருஷாவருஷம் விரியும். பெரிய தோட்டத்து மூலைக்கு அது அருமையான செடி. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் மருதாணி, இட்லிப்பூ, செம்பருத்தி மாதிரிப் புதர்ச் செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்

அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். செடியைச் சுவரை ஒட்டி நட்டால் பாதி வேலி அவர்கள் மனையில்தான் வளரும். அந்தப் பக்கத்தை வெட்ட அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். வேலி முழு அகலத்துக்கு வந்தபின் அதன் பாதி எவ்வளவோ, அதோடு ஓரடி கூட்டி எல்லையிலிருந்து தள்ளி நடுங்கள். நாலடி அகலச் செடி என்றால் மூன்றடி. அப்போது இரண்டு பக்கமும் உங்கள் மண்ணில் நின்றே வெட்டலாம்.

ஆள் நடக்கும் பாதையோரம் காகிதப்பூவும் கொடுக்காப்புளியும் முள் விழும், வேண்டாம். ஆடு மாடு வந்துபோகும் இடத்தில் ஆடாதொடையும் நொச்சியும் மேய்ச்சலுக்குத் தப்பும். அரளி முழுச் செடியுமே விஷம், மஞ்சள் அரளியின் விதை அதைவிட ஆபத்து, இதயத் துடிப்பையே பாதிக்கும். குழந்தைகள் விளையாடும் பக்கம் இரண்டையும் வைக்காதீர்கள். ஏற்கெனவே இருந்து, உடனே எடுக்க முடியாது என்றால், காய் பிடிக்க விடாமல் பூ முடிந்ததும் வெட்டிவிடுங்கள். வெட்டிய கொப்புகளை மாடு தின்னும் இடத்தில் போடக்கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது. குழந்தை ஒரு விதையை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, கைவைத்தியம் பார்க்காமல் அந்தக் காயையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.